காசு கொடுத்துப் பரப்பியதும் தானாகப் பரவியதும்: கிரிப்டோ நாணய விளம்பரங்களின் கதை

ஒரு புது சோப்பு சந்தைக்கு வந்தால் அதை மக்களிடம் கொண்டுசேர்க்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, தொலைக்காட்சியிலும் நாளிதழிலும் பேருந்தின் முதுகிலும் காசு கொடுத்து விளம்பரம் போடுவது. இன்னொன்று, வாங்கியவர் பக்கத்து வீட்டுக்காரரிடம் "நல்லாத்தான் இருக்கு, வாங்கிப் பாருங்க" என்று சொல்வது. மார்க்கெட்டிங் பாடத்தில் முதலாவதைப் பெய்ட் என்பார்கள், இரண்டாவதை ஆர்கானிக் என்பார்கள். (ஆர்கானிக் என்றதும் சாணி உரம் போட்ட கத்தரிக்காய் நினைவுக்கு வந்தால் தப்பில்லை. பொருள் கிட்டத்தட்ட அதுதான், மருந்தடிக்காமல் தானாக வளர்ந்தது.)

சோப்பு விஷயத்தில் இந்தப் பிரிவு தெளிவாக இருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் சோப்பு வாங்கினால் சொன்னவருக்கு ஒரு பைசா வரப்போவதில்லை. அதனால்தான் அவர் பேச்சுக்கு மதிப்பு. ஆனால் கிரிப்டோ நாணயம் என்று வரும்போது இந்தக் கணக்கு குழம்பிவிடுகிறது. நாணயத்தைக் கையில் வைத்திருப்பவர் அதைப் பற்றி நல்லதாகப் பேசி, கேட்டவர் போய் வாங்கினால், விலை ஏறுகிறது. ஏறினால் பேசியவருக்கும் லாபம். அப்படியானால் அவர் பக்கத்து வீட்டுக்காரரா, விற்பனைப் பிரதிநிதியா? பதினைந்து வருடத்துக்கும் மேலான கிரிப்டோ விளம்பர வரலாறு முழுக்க இந்த ஒரு கேள்வியைச் சுற்றித்தான் வருகிறது. பல பேருடைய சேமிப்பும் இந்தக் கேள்விக்குள்தான் காணாமல் போயிருக்கிறது.

விளம்பரமே இல்லாத காலம்

சதோஷி நகமோட்டோ என்ற புனைபெயரில் ஒருவர் (அல்லது சிலர்) பிட்காயின் பற்றிய ஒன்பது பக்கக் கட்டுரையை 2008 அக்டோபர் 31 அன்று வெளியிட்டார். 2009 ஜனவரி 3இல் முதல் பிளாக் உருவானது. ஜனவரி 12இல் ஹால் ஃபின்னி என்ற கணினி வல்லுநருக்கு சதோஷி 10 பிட்காயின் அனுப்பினார். அதுதான் ஒருவர் இன்னொருவருக்கு அனுப்பிய முதல் பிட்காயின். கம்பெனி கிடையாது, அலுவலகம் கிடையாது, விளம்பரத்துக்கென்று ஒதுக்கிய பணமும் கிடையாது. ஆரம்பத்தில் விலை என்ற ஒன்றே இல்லை.

அப்புறம் எப்படிப் பரவியது? ஆர்வத்தினால் என்று ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போகிறார்கள் பலர். அது பாதி உண்மைதான். மீதிப் பாதி பிட்காயினின் வடிவமைப்பிலேயே இருந்தது. கணினியை ஓடவிட்டுக் கணக்குப் போடுபவர்களுக்குச் சுமார் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை 50 புது பிட்காயின் கிடைக்கும், நான்கு வருடத்துக்கு ஒருமுறை அது பாதியாகும். அதாவது சீக்கிரம் வந்தவருக்கு அதிகம், பிந்தி வந்தவருக்குக் குறைவு. சீக்கிரம் வந்தவர் கையில் ஏராளமாக நாணயம். அது காசாக வேண்டுமென்றால் இன்னும் பத்துப் பேர் வரவேண்டும். யாரும் யாருக்கும் சம்பளம் கொடுக்காமலே ஆயிரக்கணக்கான பிரச்சாரகர்கள் உருவாகிவிட்டார்கள். சதோஷி இதைத் திட்டமிட்டுச் செய்தாரா, தொழில்நுட்பத் தேவைக்காகச் செய்தாரா என்ற விவாதம் தனி. விளைவு இதுதான்.

2010 ஜூன் மாதம் கேவின் ஆண்ட்ரெசன் என்ற நிரலாளர் ஒரு இணையதளம் திறந்தார். அங்கே போய், தான் மனிதன்தான், இயந்திரம் அல்ல என்று நிரூபித்தால் போதும், ஆளுக்கு 5 பிட்காயின் இலவசம். குழாயைத் திறந்தால் தண்ணீர் வருவதுபோல என்று அதற்குக் குழாய் என்றே பெயர். மொத்தம் 19,700 பிட்காயின் அப்படிப் போனது. (இன்றைய விலையில் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டாம். தூக்கம் வராது.) இதைப் பெய்ட் என்பதா ஆர்கானிக் என்பதா? கொடுத்தது காசு மாதிரியும் இருக்கிறது, அன்றைக்கு அதற்குப் பெரிய மதிப்பில்லை என்பதால் வெறும் மாதிரிப் பொட்டலம் மாதிரியும் இருக்கிறது. திருவிழாக் கடையில் அல்வா விற்பவர் ஒரு துண்டு கிள்ளிக் கொடுப்பாரே, அந்த வகை.

அதற்குச் சில வாரம் முன்னால், மே 22 அன்று, ஃபுளோரிடாவில் ஒரு நிரலாளர் 10,000 பிட்காயின் கொடுத்து இரண்டு பீட்சா வாங்கினார். இந்தக் கதையைக் கேள்விப்படாத ஆள் இணையத்தில் கிடையாது. ஒவ்வொரு வருடமும் மே 22ஐ பிட்காயின் பீட்சா நாள் என்று கொண்டாடுகிறார்கள், ஒவ்வொரு வருடமும் நாளிதழ்கள் அதை இலவசமாக எழுதுகின்றன. எந்த விளம்பர நிறுவனம் யோசித்தாலும் இவ்வளவு மலிவான, இவ்வளவு நாள் உழைக்கிற விளம்பரத்தை உருவாக்கியிருக்க முடியாது. அந்த மனிதருக்கு அப்போது வேண்டியிருந்தது பீட்சா மட்டும்தான் என்பது வேறு விஷயம்!

2010 ஜூலையில் ஸ்லாஷ்டாட் என்ற தொழில்நுட்பச் செய்தித் தளத்தில் பிட்காயின் பற்றி ஒரு சின்னக் குறிப்பு வந்தது. சில நாட்களில், ஒரு சென்ட்டுக்கும் கீழே இருந்த விலை எட்டு சென்ட் அளவுக்கு ஏறியது. அந்த ஆண்டு டிசம்பரில் நடந்தது இன்னும் சுவாரசியம். விக்கிலீக்ஸுக்கு வங்கிகளும் கடன் அட்டை நிறுவனங்களும் பணம் போகாமல் தடுத்தபோது, பிட்காயின் ஆதரவாளர்கள் சிலர் இதுதான் சமயம், விக்கிலீக்ஸ் பிட்காயினை வாங்கிக்கொள்ளட்டும் என்று துள்ளினார்கள். வேண்டாம் என்று கேட்டுக்கொண்டவர் சதோஷியேதான். திட்டம் இன்னும் குழந்தைப் பருவத்தில் இருக்கிறது, இந்த அளவு வெளிச்சம் அதை அழித்துவிடும் என்பது அவர் கவலை. கிடைத்த விளம்பரத்தை வேண்டாம் என்று தள்ளிய படைப்பாளியை இந்தத் துறையில் அதற்குப் பிறகு காண்பது அரிது. 2011இல் அவர் மொத்தமாகவே ஒதுங்கிக்கொண்டார்.

ஆனால் தானாகப் பரவுவதை யாரும் அடக்கி வைக்க முடியாது. 2011 ஜூன் தொடக்கத்தில் காக்கர் என்ற இதழ், பிட்காயின் வாங்கிக்கொண்டு போதைப்பொருள் விற்கும் சில்க் ரோடு என்ற ரகசிய இணையச் சந்தையைப் பற்றி எழுதியது. ஒரு வாரத்தில் விலை 30 டாலரைத் தொட்டது. இதுவும் ஆர்கானிக்தான்! நவம்பரில் அது 2 டாலர் அளவுக்கு விழுந்தது. ஜூனில் ஆசைப்பட்டு வாங்கியவர்களின் பணத்தில் பத்தில் ஒன்பது பங்கு போய்விட்டது. தானாகப் பரவுவது என்றாலே நல்லது, காசு கொடுத்துச் செய்வது என்றாலே கெட்டது என்று நினைப்பவர்கள் இந்த 2011ஐக் கொஞ்சம் கவனிக்கலாம்.

2013ஆம் ஆண்டு இந்த வகைப் பரவலின் திருவிழா. ரெட்டிட் தளத்தில் பிட்காயின் குழுவுக்கு ஆள் சேர்க்க ஒரு விளம்பரம் ஓடியது. சின்னப் பிள்ளை பெயிண்ட் மென்பொருளில் கிறுக்கியதுபோல ஒரு மந்திரவாதிப் படம், மந்திர இணையப் பணம் என்ற பொருளில் ஒரு வரி, அவ்வளவுதான். காசு கொடுத்த விளம்பரம் என்றாலும் யாருக்கும் அப்படித் தோன்றவில்லை. இன்றுவரை அந்த மந்திரவாதி பனியன்களில் வலம் வருகிறார். நவம்பரில் ஒரு கல்லூரிக் கால்பந்து நிகழ்ச்சியின் நேரடி ஒளிபரப்பில், அம்மா பணம் அனுப்பு என்று பிட்காயின் குறியோடும் கியூஆர் கோடோடும் ஓர் இளைஞர் அட்டையைத் தூக்கிப் பிடித்தார். அம்மா அனுப்பினாரோ என்னவோ, ஊரில் உள்ளவர்கள் 20க்கும் மேற்பட்ட பிட்காயின் அனுப்பினார்கள். டிசம்பரில் விலை சரிந்தபோது போதையில் இருந்த ஒருவர், விற்காமல் வைத்திருக்கிறேன் என்று எழுதப்போய் ஹோல்டிங் என்பதை ஹோட்லிங் என்று தட்டச்சிட்டார். அந்தப் பிழை ஒரு கொள்கையாகவே ஆகிவிட்டது. விற்காதே, பிடித்துக்கொள் என்ற பொருளில் ஹோட்ல் என்று சொல்வது இன்றும் வழக்கம். யோசித்துப் பார்த்தால், விலை சரியும்போது யாரும் விற்கக்கூடாது என்று பரப்புவதால் யாருக்கு நன்மை என்பது விளங்கும். ஏற்கெனவே அதிகம் வைத்திருப்பவருக்கு.

நாய் படம் போட்ட நாணயம்

அதே 2013 டிசம்பரில் பில்லி மார்க்கஸ், ஜாக்சன் பால்மர் இருவரும் கேலிக்காக உருவாக்கியது டோஜ்காயின். இணையத்தில் அப்போது சுற்றிக்கொண்டிருந்த ஷிபா இனு நாயின் படம்தான் அதன் முத்திரை. சில வாரங்களில் ஆதரவாளர்கள் சேர்ந்து, 2014 சோச்சி குளிர்கால ஒலிம்பிக்குக்குப் போகப் பணமில்லாமல் தவித்த ஜமைக்கா பாப்ஸ்லெட் அணிக்கு ஏறக்குறைய 30,000 டாலர் மதிப்புள்ள நாணயம் திரட்டிக் கொடுத்தார்கள். மார்ச் மாதம் ஜோஷ் வைஸ் என்ற, பெரிய ஆதரவாளர் யாரும் இல்லாத கார் பந்தய வீரருக்கு 6.7 கோடிக்கும் மேற்பட்ட டோஜ்காயின் திரட்டினார்கள். அன்றைய மதிப்பில் சுமார் 55,000 டாலர். மே மாதம் டல்லடேகா பந்தயத்தில் நாய் படம் போட்ட கார் ஓடியது. அதே மாதம் ரசிகர் வாக்கெடுப்பில் நட்சத்திர வீராங்கனை டேனிகா பேட்ரிக்கைப் பின்னுக்குத் தள்ளி அவர் ஆல்ஸ்டார் பந்தயத்துக்கும் தகுதி பெற்றார்.

இந்த இரண்டும் வெளியிலிருந்து பார்த்தால் விளையாட்டு ஆதரவு விளம்பரங்கள்தான். பெரிய கம்பெனிகள் செய்வதே. ஆனால் செலவு செய்தது கம்பெனி அல்ல, ஆளுக்குக் கொஞ்சம் போட்ட கூட்டம். அதில் உண்மையான குதூகலம் இருந்தது. யாரும் பணக்காரர் ஆகப்போவதாகச் சொல்லவில்லை. கிரிப்டோ விளம்பர வரலாற்றில் கள்ளம் குறைந்த காலம் எது என்று கேட்டால் அந்த ஐந்தாறு மாதங்களைத்தான் காட்ட வேண்டும்.

பிற்பாடு டோஜ்காயினுக்கும் வேறு காலம் வந்தது. எலான் மஸ்க் ட்விட்டரில் அதைப் பற்றி எழுதும்போதெல்லாம் விலை துள்ளியது. யாரும் அவருக்கு விளம்பரக் கட்டணம் கொடுக்கவில்லை, ஆனால் டோஜ்காயின் வைத்திருப்பதாக அவரே சொல்லியிருக்கிறார். 2021 மே 8 அன்று அவர் சாட்டர்டே நைட் லைவ் நகைச்சுவை நிகழ்ச்சிக்கு வருகிறார் என்று கூட்டம் முன்கூட்டியே வாங்கிக் குவித்தது. நிகழ்ச்சி ஓடிக்கொண்டிருக்கும்போதே விலை கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு இறங்கியது.

1933ஆம் ஆண்டுச் சட்டம் 2017இல் எழுந்து வந்த கதை

2017இல் எல்லாம் மாறியது. ஐ.சி.ஓ. என்ற முறையில் யார் வேண்டுமானாலும் ஒரு புது நாணயத்தை அறிவித்து, அதை முன்கூட்டியே விற்றுப் பணம் திரட்டலாம் என்றானது. எதீரியம் 2014இல் இப்படித்தான் சுமார் 1.8 கோடி டாலர் திரட்டியிருந்தது. 2017இல் அதே வழியில் நூற்றுக்கணக்கானவர்கள் வந்தார்கள். கூட்டம் அதிகமானால் சத்தம் போட்டால்தான் காதில் விழும். சத்தத்துக்குக் காசு வேண்டும். அந்தக் காசைத் தாங்களே அச்சடித்துக்கொள்ளும் வசதி இவர்களுக்கு இருந்ததுதான் இந்தத் துறையின் விசேஷம்!

அதன் பெயர் பவுண்டி, அதாவது சன்மானம். நாணயத்தைப் பாராட்டி ஒரு கட்டுரை எழுதினால் இத்தனை நாணயம், ட்வீட்டை மறுபதிவு செய்தால் இத்தனை, கையெழுத்து வரியில் இணைப்புப் போட்டால் இத்தனை, வேறு மொழியில் பெயர்த்துக் கொடுத்தால் இத்தனை என்று பட்டியல் போட்டுக் கொடுத்தார்கள். படிப்பவருக்கு அது ஓர் ஆர்வலரின் கருத்து மாதிரி தெரியும். எழுதியவருக்கு அது கூலி வேலை. ஆர்கானிக் என்று முத்திரை குத்திய பூச்சிமருந்துக் கத்தரிக்காய்.

இதன் உச்சம் பிட்கனெக்ட். பணத்தைக் கொடுத்தால் ஒரு மந்திரக் கணினி நிரல் வாங்கி விற்று மாதாமாதம் பெரும் லாபம் தரும், ஆள் சேர்த்துவிட்டால் தரகு உண்டு. நம்மூர் சீட்டுக் கம்பெனிக் கதைகள் தெரிந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். தரகுக்காக யூடியூபில் நூற்றுக்கணக்கான காணொளிகள் வந்தன. 2018 ஜனவரி 16இல் பிட்கனெக்ட் தன் கடன் திட்டத்தை மூடியது, நாணயத்தின் விலை தரைமட்டமானது. அமெரிக்க நீதித்துறை அந்த மோசடியின் அளவு 240 கோடி டாலர் என்கிறது. அமெரிக்காவில் அதைப் பரப்பியவர்களில் முதன்மையான ஒருவருக்கு 38 மாதச் சிறை கிடைத்தது.

பிரபலங்களும் அப்போதுதான் வந்தார்கள். சென்ட்ரா டெக் என்ற நிறுவனம் கிரிப்டோவைச் செலவழிக்க உதவும் பற்று அட்டை தருவதாகச் சொன்னது. அட்டை நிறுவனங்களோடு ஒப்பந்தம் இருப்பதாகச் சொன்னது பொய். அதன் தலைமை அதிகாரி என்று காட்டப்பட்ட மனிதரே பொய், இணையத்தில் எடுத்த யாரோ ஒருவரின் படம். குத்துச்சண்டை வீரர் ஃபிளாய்ட் மேவெதர் இதைப் பற்றித் தன் சமூக ஊடகப் பக்கங்களில் எழுதினார், 1 லட்சம் டாலர் வாங்கிக்கொண்டு. இசைத் தயாரிப்பாளர் டிஜே காலித் 50,000 டாலர் வாங்கிக்கொண்டு எழுதினார். வாங்கியதை இருவரும் சொல்லவில்லை.

2018 நவம்பரில் அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையம் இருவர் மீதும் நடவடிக்கை எடுத்தது. மற்ற இரண்டு ஐ.சி.ஓ.க்களையும் சேர்த்து மேவெதர் வாங்கிய 3 லட்சம் டாலரைத் திருப்பிக் கொடுத்து, அதே அளவு அபராதமும் கட்டினார். காலித் வாங்கிய 50,000த்தோடு 1 லட்சம் அபராதம் கட்டினார். இதற்குப் பயன்பட்ட சட்டம் 1933ஆம் ஆண்டு பங்குப் பத்திரச் சட்டத்தின் 17(பி) பிரிவு. கணினியே இல்லாத காலத்துச் சட்டம்!

அந்தப் பிரிவு ஏன் வந்தது என்பது தெரிந்துகொள்ள வேண்டிய கதை. 1929 பங்குச் சந்தைச் சரிவுக்குப் பிறகு அமெரிக்க செனட் குழு ஒன்று காரணங்களைத் தோண்டியது. 1932இல் அந்தக் குழு முன், பிற்காலத்தில் நியூயார்க் மேயரான ஃபியோரெல்லோ லா கார்டியா ஆஜராகி, சில பங்குகளை உயர்த்தி எழுத நாளிதழ் நிருபர்களுக்கு ஒரு விளம்பரத் தரகர் பணம் கொடுத்ததற்கான காசோலை ஆதாரங்களைக் காட்டினார். மக்கள் செய்தி என்று நினைத்துப் படித்தது விளம்பரம். காசு வாங்கிக்கொண்டு பங்கைப் பற்றி எழுதுபவர், வாங்கினேன் என்பதையும் எவ்வளவு என்பதையும் சொல்லியாக வேண்டும் என்று அடுத்த வருடம் சட்டம் வந்தது. விளம்பரம் செய்யாதே என்று அது சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். மறைக்காதே என்றுதான் சொன்னது. நிருபர் போய் இன்ஸ்டாகிராம் வந்தாலும் தந்திரம் அதே தந்திரம்.

இதில் எவ்வளவு என்பதுதான் பலரைப் பிடித்துவிட்டது. 2021 ஜூனில் கிம் கர்தாஷியன் எதீரியம்மேக்ஸ் என்ற நாணயத்தைப் பற்றி இன்ஸ்டாகிராமில் எழுதினார். (எதீரியத்துக்கும் இதற்கும் பெயர் ஒற்றுமை தவிர ஒன்றுமில்லை.) விளம்பரம் என்ற ஹேஷ்டேக்கையும் போட்டிருந்தார். போதாது என்றது ஆணையம். 2.5 லட்சம் டாலர் வாங்கியதைச் சொல்லவில்லையே! 2022 அக்டோபரில் 12.6 லட்சம் டாலர் கட்டி விஷயத்தை முடித்துக்கொண்டார். ஒரு நிதிப் பொருளுக்கான விளம்பரம் ஒரே நேரத்தில் இத்தனை பேரைச் சென்றடைந்தது வரலாற்றிலேயே இதுதானோ என்று பிரிட்டனின் நிதி ஒழுங்குமுறை அமைப்பின் தலைவர் 2021இலேயே பேசியிருந்தார். அதே நாணயத்தை மேவெதரும் ஒரு குத்துச்சண்டைப் போட்டியை ஒட்டிப் பரப்பினார் என்பது கூடுதல் தகவல். ஒருமுறை அபராதம் கட்டியவர்!

இடையில் 2018 ஜனவரி 30இல் ஃபேஸ்புக் கிரிப்டோ விளம்பரங்களைத் தடை செய்தது. மார்ச்சில் கூகுளும் ட்விட்டரும் அதே வழியில் சென்றன. நல்ல நோக்கம்தான். ஆனால் இது காசு கொடுத்தது என்று நெற்றியில் எழுதி வரும் விளம்பரத்துக்குத்தான் கதவு மூடியது. யூடியூப் பரிந்துரை, டெலிகிராம் குழு, சன்மானக் கட்டுரை எல்லாம் அப்படியே இருந்தன. வெளிப்படையான வழி அடைபட்டால் பணம் ஒளிவான வழியில் போகும் என்பதற்கு வேறு உதாரணம் தேடவேண்டியதில்லை. ஃபேஸ்புக் அந்த ஜூனிலேயே முன் அனுமதியோடு போடலாம் என்று தளர்த்தியது.

மைதானங்களின் மீது பெயர்

2021இல் வந்தவர்கள் வேறு ஆட்கள். நாணயத்தை விற்பவர்கள் அல்ல, நாணயம் வாங்கி விற்கும் சந்தைகளை நடத்தும் நிறுவனங்கள். இவர்களுக்கு உண்மையான வருமானம் இருந்தது, முதலீட்டாளர் பணமும் இருந்தது. எஃப்.டி.எக்ஸ். நிறுவனம் மயாமி கூடைப்பந்து அரங்கத்துக்குத் தன் பெயரை வைக்க 19 ஆண்டுக்கு 13.5 கோடி டாலர் ஒப்பந்தம் போட்டது. லாஸ் ஏஞ்சல்ஸின் ஸ்டேபிள்ஸ் சென்டர் 2021 இறுதியில் கிரிப்டோ.காம் அரீனா ஆனது, 20 ஆண்டுக்கு 70 கோடி டாலர் என்று செய்திகள் சொல்லின. அதே கிரிப்டோ.காம் நடிகர் மேட் டேமனை வைத்து, கடலோடிகளையும் விண்வெளி வீரர்களையும் காட்டி, துணிந்தவனுக்கே அதிர்ஷ்டம் என்று ஒரு படம் எடுத்தது. தமிழில் துணிந்தவனுக்குத் துக்கமில்லை என்பார்கள். அந்தப் படம் வந்த 2021 அக்டோபர் இறுதியில் பிட்காயின் 60,000 டாலர் அருகில் இருந்தது. துணிந்து வாங்கியவர்கள் ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் சுமார் மூன்றில் ஒரு பங்குதான் மிச்சம்.

2022 பிப்ரவரி 13, சூப்பர் பவுல் இறுதிப் போட்டி. 30 வினாடி விளம்பரத்துக்கு 70 லட்சம் டாலர் வரை போன வருடம். காயின்பேஸ் ஒரு நிமிட விளம்பரம் வாங்கி, அதில் ஒன்றுமே காட்டவில்லை. கறுப்புத் திரை, அதில் பழைய டிவிடி பிளேயரின் முத்திரை மாதிரி மூலைக்கு மூலை முட்டிக்கொண்டு நகரும் ஒரு கியூஆர் கோடு. பெயரைக்கூடக் கடைசியில்தான் காட்டினார்கள். என்ன இது என்ற குறுகுறுப்பில் கோடிக்கணக்கான கைபேசிகள் திரையை நோக்கி நீண்டன. ஒரு நிமிடத்தில் 2 கோடி வருகைகள் என்றது நிறுவனம், செயலி கொஞ்ச நேரம் படுத்தே விட்டது. சேர்ந்தால் 15 டாலர் பிட்காயின் இலவசம். கேவின் ஆண்ட்ரெசனின் குழாயேதான், பன்னிரண்டு வருடம் கழித்து, டாலர் கணக்கில். நான்கு மாதம் கழித்து அதே நிறுவனம் தன் ஊழியர்களில் 18 சதவீதம் பேரை வேலையை விட்டு அனுப்பியது.

அன்றைக்கு எஃப்.டி.எக்ஸ். போட்ட விளம்பரம் வேறு வகை. நகைச்சுவை நடிகர் லாரி டேவிட் காலங்காலமாகச் சக்கரம், முள்கரண்டி, மின்விளக்கு என ஒவ்வொரு கண்டுபிடிப்பையும் இது தேறாது என்று ஒதுக்குகிறார். கடைசியில் எஃப்.டி.எக்ஸையும் ஒதுக்குகிறார். இவரைப் போல இருக்காதீர்கள் என்று முடிகிறது படம். நவம்பர் 11 அன்று எஃப்.டி.எக்ஸ். திவால். வாடிக்கையாளர் பணத்தை எடுத்துத் தன் இன்னொரு நிறுவனத்துக்குக் கொடுத்திருந்தார் அதன் நிறுவனர் சாம் பாங்க்மன்-ஃப்ரைட். 2024 மார்ச்சில் அவருக்கு 25 ஆண்டுச் சிறை. லாரி டேவிட் வாழ்நாளில் அவ்வளவு சரியாக எதையும் கணித்திருக்க மாட்டார்.

2023 சூப்பர் பவுலில் கிரிப்டோ நிறுவன விளம்பரம் ஒன்றுகூட இல்லை. மயாமி அரங்கத்தின் பெயர்ப்பலகையைக் கழற்றினார்கள்.

இந்தியாவிலும் இதே காலத்தில் அலை அடித்தது. 2021 இருபது ஓவர் உலகக் கோப்பையின்போது ஓவருக்கு ஓவர் காயின்ஸ்விட்ச் குபேர், காயின்டிசிஎக்ஸ் விளம்பரங்கள், ரன்வீர் சிங், ஆயுஷ்மான் குரானா. இளைஞர்களைத் தவறாக வழிநடத்தும் விளம்பரங்களை நிறுத்த வேண்டும் என்ற கருத்து அந்த நவம்பரில் பிரதமர் தலைமையில் நடந்த கூட்டத்திலேயே வந்தது. 2022 ஏப்ரல் 1 முதல் இந்திய விளம்பரத் தர மன்றம் விதிகள் கொண்டுவந்தது. இது கட்டுப்பாட்டுக்கு உட்படாத, ஆபத்து மிகுந்த பொருள் என்று ஒவ்வொரு விளம்பரத்திலும் எச்சரிக்கை வேண்டும். அச்சில் ஐந்தில் ஒரு பங்கு இடம். காணொளியில் நிதானமான வேகத்தில் வாசிக்க வேண்டும், ஓட்டக்கூடாது என்றும் சேர்த்தார்கள். மியூச்சுவல் ஃபண்ட் விளம்பரத்தின் கடைசி இரண்டு வினாடியைக் கேட்டவர்களுக்கு இந்த விதி ஏன் தேவைப்பட்டது என்று புரியும்.

சிங்கப்பூர் 2022 ஜனவரியிலேயே பொதுப் போக்குவரத்து உள்ளிட்ட பொது இடங்களில் இவ்வகை விளம்பரம் கூடாது என்றது. லண்டனில் பேருந்திலேயே பிட்காயினைப் பார்க்கிறீர்கள் என்றால் வாங்கும் நேரம் வந்துவிட்டது என்று லூனோ நிறுவனம் போட்ட விளம்பரம் 2021 மே மாதம் தடை செய்யப்பட்டது. பேருந்து முதுகில் வந்த பிறகு வாங்குபவர்தான் கடைசி ஆள் என்பது பங்குச் சந்தைக்காரர்களின் பழைய அனுபவம், அதை அப்படியே தலைகீழாக்கியிருந்தார்கள்.

ஆனால் இருப்பதிலேயே கூர்மையான விதி பிரிட்டனில் 2023 அக்டோபர் 8இல் அமலுக்கு வந்தது. முதல்முறை வாங்குபவருக்கு 24 மணி நேரம் யோசிக்க அவகாசம் தரவேண்டும். நண்பரைச் சேர்த்துவிட்டால் போனஸ் என்ற திட்டங்களுக்கு முழுத் தடை. பெரிய விளம்பரப் பலகை இருக்கலாம், எச்சரிக்கையோடு. நண்பர் நண்பரிடம் சொல்லலாம், அதற்குக் காசு கூடாது. லா கார்டியா பெட்டி நிறையக் காசோலையோடு வந்து நின்ற நாளிலிருந்து சட்டம் துரத்திக்கொண்டிருந்த ஆளை இந்த விதிதான் நெருங்கிப் பிடித்தது.

அமெரிக்காவில் காற்று வேறு பக்கம் அடித்தது. 2025 பிப்ரவரி 14 அன்று அர்ஜென்டினா அதிபர் ஹவியர் மிலேய் லிப்ரா என்ற, அன்றைக்குத்தான் பிறந்த நாணயத்தைத் தன் எக்ஸ் பக்கத்தில் ஆதரித்து எழுதினார். சில மணி நேரத்தில் விலை வானத்துக்குப் போய், பத்தில் ஒன்பது பங்குக்கும் மேல் சரிந்தது. அவர் பதிவை நீக்கிவிட்டார், ஆயிரக்கணக்கானவர்கள் இழந்தது இழந்ததுதான். அதற்கு இரண்டு வாரம் கழித்து அமெரிக்க ஆணையத்தின் அலுவலர் பிரிவு, பொதுவாக மீம் நாணயங்கள் பங்குப் பத்திரங்கள் அல்ல என்று ஒரு அறிக்கை வெளியிட்டது. பங்குப் பத்திரம் இல்லையென்றால் 17(பி) பிரிவும் இல்லை, எவ்வளவு வாங்கினேன் என்று சொல்லவும் வேண்டியதில்லை.

அதே பிப்ரவரியில் எஃப்.டி.எக்ஸ். வாடிக்கையாளர்களுக்குப் பணம் திரும்பி வரத் தொடங்கியது. திவாலான 2022 நவம்பரின் விலைக் கணக்கில், வட்டியோடு. அந்த மாதத்தில் ஒரு பிட்காயின் சுமார் 16,000 டாலர். பணம் கைக்கு வந்த நாளில் வெளியே அதன் விலை 95,000க்கும் மேல்.